பணம் யார் கணக்கில் விழுகிறது?

நிதித் திட்டம் தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பது இரண்டைத்தான்: தொகை எவ்வளவு, கடைசித் தேதி எது. பல ஆண்டுகள் நானும் அப்படித்தான் பார்த்தேன். பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்வு அலுவலகத்தில் உட்கார்ந்து, ஆய்வாளர்களும் சமூக அமைப்புகளும் சேர்ந்து அனுப்பும் விண்ணப்பங்களைத் திருத்திக் கொடுப்பது என் வேலை. ஒருமுறை கடைசித் தேதிக்கு மூன்று நாள் முன்பு, ஒரு குடியிருப்போர் சங்கத்தின் பொருளாளரிடம் ஆதரவுக் கடிதத்துக்குக் கையெழுத்து கேட்டுப் போனோம். நாற்பது பக்க விண்ணப்பத்தை அவர் பொறுமையாகப் புரட்டினார். வரவுசெலவுப் பக்கம் வந்ததும் நிறுத்தினார். "எங்கள் சங்கத்தின் பெயர் பதினேழு இடத்தில் வருகிறது. இந்தப் பக்கத்தில் மட்டும் காணோமே?" என்றார். கேட்டுவிட்டுக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

அன்றிலிருந்து திட்டங்களை வேறு வரிசையில் ஒப்பிடுகிறேன். பணம் யார் கணக்கில் விழுகிறது? ஆய்வுக் கேள்வி முடிவாவதற்கு முன்பே விழுகிறதா, முடிவான பிறகா? தொகையைப் பார்ப்பது இவற்றுக்கு அப்புறம்தான். கீழே வரும் ஒவ்வொரு வழியையும் ஒரே ஜோடியை வைத்துச் சோதித்துப் பாருங்கள்: குடிநீரில் ஏதோ கலக்கிறது என்று சந்தேகிக்கும் ஒரு சங்கம், நீரைச் சோதிக்கத் தெரிந்த ஓர் ஆய்வாளர். இருவருக்கும் நல்லெண்ணம் உண்டு. ஒருவரை ஒருவர் அதிகம் தெரியாது.

வழக்கமான நல்கை, ஓரத்தில் சமூகம்

எளிய வழி, ஆய்வாளர் வழக்கமாக விண்ணப்பிக்கும் நல்கைக்கே, அதாவது ஆய்வு நிதியுதவிக்கே, விண்ணப்பித்து அதில் சமூகத்துக்கு ஒரு பகுதி ஒதுக்குவது. நிதி தரும் அமைப்புகள் இதைத் தூண்டவும் செய்கின்றன. அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை 1997 முதல் விண்ணப்பங்களை இரண்டு அளவுகோல்களால் அளக்கிறது: ஒன்று அறிவுத் தகுதி, மற்றொன்று பரந்த சமூகப் பயன். பிரிட்டனின் ஆய்வு மன்றங்கள் 'தாக்கத்துக்கான பாதைகள்' என்று தனி இணைப்பு ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தன. 2020-இல் அதை விட்டுவிட்டன. தாக்கம் விண்ணப்பம் முழுவதிலும் கலந்திருக்க வேண்டும், தனி இணைப்பு வேண்டாம் என்பது சொல்லப்பட்ட காரணம். அத்தகைய இணைப்புகளை ஏராளமாகப் படித்தவன் என்ற முறையில் எனக்கு அந்த முடிவில் வருத்தமில்லை. பயிலரங்கு நடத்துவோம், கையேடு அச்சிடுவோம் என்ற இரண்டு வாக்கியங்கள் ஒரு விண்ணப்பத்திலிருந்து இன்னொன்றுக்கு வார்த்தை மாறாமல் குடிபெயர்ந்துகொண்டிருந்தன.

பிரிட்டனில் இன்னொரு கருவியும் இருக்கிறது. பல்கலைக்கழகங்களின் ஆய்வுத் தரத்தை மதிப்பிட்டு மொத்த நிதியைப் பிரித்துக் கொடுக்கும் முறையில், வெளியுலகில் ஆய்வு ஏற்படுத்திய தாக்கத்துக்கு 2014-இல் 20 சதவீத மதிப்பெண் தந்தார்கள். 2021-இல் அது 25 சதவீதம் ஆனது. சமூகத்தோடு வேலை செய்யும் ஆய்வாளருக்குத் துறைக்குள் மரியாதை கூட இது உதவியது, மறுக்க முடியாது. ஆனால் மதிப்பெண்ணுக்கான பணம் பல்கலைக்கழகத்துக்குத்தான் வருகிறது. சங்கத்துக்கு வருவது, பழைய வேலைக்குச் சான்றுக் கடிதம் கேட்கும் மின்னஞ்சல்.

நம் ஜோடி இந்த வழியில் போனால், நீரில் எதைத் தேடுவது என்பதை ஆய்வாளர் ஏற்கெனவே தீர்மானித்திருப்பார். சங்கம் மாதிரி எடுக்க உதவும், கடைசியில் முடிவு கேட்க வரும். சங்கம் அதற்குச் சம்மதித்தால் குற்றமில்லை. அந்த ஏற்பாட்டைக் 'கூட்டாண்மை' என்று அழைக்காமல் இருந்தால் போதும்.

பெரிய கூட்டாண்மை நல்கை

கூட்டாண்மைக்கென்றே தனித் திட்டம் வைத்திருப்பதில் கனடாவின் சமூக அறிவியல், மானுடப் புலங்கள் ஆய்வு மன்றம் நீண்ட அனுபவம் உள்ளது. சமூகமும் பல்கலைக்கழகமும் கைகோக்கும் ஆய்வுக் கூட்டணிகளுக்கு 1999-இலேயே ஒரு திட்டம் தொடங்கியது. இன்று அதன் ஏணியில் மூன்று படிகள் இருக்கின்றன. கீழ்ப்படியில் ஓராண்டுக்கு 25,000 டாலர் வரை, ஒரே ஒரு கூட்டாளி அமைப்பின் உடனடித் தேவைக்காக. நடுப்படியில் ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்கு 75,000 முதல் 2,00,000 டாலர் வரை, உறவை வளர்ப்பதற்காக. மேல்படியில் நான்கு முதல் ஏழு ஆண்டுகளுக்கு 25 லட்சம் டாலர் வரை. வரம்புகள் மாறக்கூடியவை, அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துவிட்டுத்தான் உட்கார வேண்டும்.

தொகையைவிட எனக்குப் பிடித்தது மேல்படியின் நுழைவுமுறை. முதலில் சுருக்கமான ஒரு விருப்பக் கடிதம். அது தேறினால், முழு விண்ணப்பத்தைச் சேர்ந்து தயாரிக்க 20,000 டாலர் வரை தருகிறார்கள். விண்ணப்பம் எழுதுவதற்கே பணமா என்று முகம் சுளிப்பவர்கள், சம்பளத்தில் இருந்துகொண்டு விண்ணப்பம் எழுதுகிறவர்களாகத்தான் இருப்பார்கள். வேலை முடிந்து மாலையில் கூடும் சங்கத்துக்கு, ஆறு கூட்டங்களுக்குப் போய்வருவதே செலவு. கேள்வியை யார் கேட்பது என்பதும் அந்த ஆறு கூட்டங்களில்தான் முடிவாகிறது. அந்தக் கட்டத்துக்குப் பணம் தராத திட்டம் எதுவாக இருந்தாலும், கேள்வி பல்கலைக்கழகத்துக்குள்ளேயே எழுதப்பட்டுவிடும். யாருடைய கெட்ட எண்ணமும் அதற்குத் தேவையில்லை.

இதே படியில் சறுக்கும் இடமும் இருக்கிறது. கேட்கும் தொகையில் குறைந்தது 35 சதவீத அளவுக்கு மன்றத்துக்கு வெளியிலிருந்து பங்களிப்பு வர வேண்டும். ரொக்கமாகத்தான் தர வேண்டும் என்றில்லை, இடம், ஊழியர் நேரம், கருவி என்று பொருளாகவும் உழைப்பாகவும் தரலாம். கேட்க இதமாக இருக்கிறது. நடைமுறையில், தன்னார்வலர் ஒருவரின் சனிக்கிழமைக்கு ஒரு விலை போட்டு, கடிதம் எழுதி, பின்னர் ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும். பெரிய நகராட்சியோ தேசிய அளவிலான தொண்டு அமைப்போ இதைச் செய்துவிடும். பத்துப் பேர் சங்கம் என்ன செய்யும்? தன்னிடம் இல்லாத அறையை வாடகைக் கணக்கில் காட்டச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். அந்த யோசனை வரும் நாளில் கூட்டாண்மையில் முதல் பொய் நுழைகிறது. கீழ்ப்படியில் இப்படிக் குறைந்தபட்ச விகிதம் கிடையாது, நம் ஜோடிக்கு அது பெரிய ஆறுதல்.

ஆஸ்திரேலியாவின் ஆய்வு மன்றம் நடத்தும் இணைப்புத் திட்டம் இன்னும் கறார். ஆண்டுக்கு 50,000 முதல் 3,00,000 டாலர் வரை, இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள். மன்றம் தரும் தொகைக்குக் கூட்டாளிகளின் பங்களிப்பு ஈடாக இருக்க வேண்டும். சில வகை அமைப்புகளுக்கு ரொக்கப் பங்கிலிருந்து விலக்கு உண்டு என்றாலும், அடிப்படையில் இது கையில் காசுள்ள கூட்டாளியை மனத்தில் வைத்து வடிவமைத்த திட்டம். பிரிட்டனில் 1975-இல் தொடங்கிய ஒரு திட்டத்தின் வாரிசாக 2003 முதல் நடக்கும் அறிவுப் பரிமாற்றக் கூட்டாண்மையும் தொழில் நிறுவனங்களை நோக்கியதுதான். ஆனால் அதில் திருடத் தகுந்த ஒரு யோசனை இருக்கிறது: பட்டதாரி ஒருவரைப் பல்கலைக்கழகம் வேலைக்கு எடுக்கிறது, அவர் உட்கார்ந்து வேலை செய்வது கூட்டாளியின் அலுவலகத்தில். எத்தனை ஒப்பந்தம் போட்டாலும், எதிர் நாற்காலியில் தினமும் ஓர் ஆள் உட்காருவதற்கு ஈடாகாது.

கேள்வியே வெளியிலிருந்து வந்தால்

நெதர்லாந்து 2015-இல் தேசிய அறிவியல் திட்டக்குறிப்பு ஒன்றைத் தயாரிக்க, யார் வேண்டுமானாலும் கேள்வி அனுப்பலாம் என்றது. ஏறத்தாழ 11,700 கேள்விகள் வந்தன. அவற்றைத் தொகுத்து 140 பெருங்கேள்விகளாக்கி, பின்னர் 25 தடங்களாகப் பிரித்தார்கள். அந்தத் தடங்களில் ஆய்வு செய்யப் பல்கலைக்கழகங்களும் சமூக அமைப்புகளும் சேர்ந்த கூட்டமைப்புகளுக்கு நாட்டின் ஆய்வு நிதி அமைப்பு பணம் தருகிறது. நாடு தழுவிய முயற்சி, பிரமிப்பாக இருக்கிறது. ஆனால் 11,700 கேள்விகள் 140 ஆகும்போது, 'எங்கள் தெருக் குழாயில் ஏன் மஞ்சள் நீர் வருகிறது' என்பது 'நீரின் தரத்தை எவ்வாறு காப்பது' என்றாகிவிடும். கேட்டவருக்கே அது தன் கேள்வி என்று அடையாளம் தெரியாது.

சிறிய அளவில் இதைக் கச்சிதமாகச் செய்வது, பிரிட்டனில் 2004-இல் உருவான ஜேம்ஸ் லிண்ட் கூட்டணி. ஒரு நோயை எடுத்துக்கொண்டு, நோயாளிகள், பராமரிப்பவர்கள், சிகிச்சை தருகிறவர்கள் மூவரும் ஒன்றாக அமர்ந்து, இன்னும் விடை தெரியாத கேள்விகளில் முதல் பத்தை வரிசைப்படுத்துகிறார்கள். மருந்து நிறுவனங்களுக்கு அந்த வரிசைப்படுத்தலில் இடமில்லை, சிகிச்சை தராத ஆய்வாளர்களுக்கும் இல்லை. குறை என்னவென்றால், பட்டியல் பட்டியல்தான். அதை எடுத்துப் பணமாக மாற்ற வேறொரு நிதி அமைப்பு முன்வர வேண்டும்.

இந்த இடத்தில் நிதித் திட்டமே அல்லாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1970-களில் நெதர்லாந்துப் பல்கலைக்கழகங்களில் 'அறிவியல் கடை' என்ற ஏற்பாடு தொடங்கியது. பெயர்தான் கடை, விற்பனை எதுவும் இல்லை. பணம் கொடுக்க இயலாத சமூக அமைப்பு தன் கேள்வியோடு வரும். பல்கலைக்கழகத்தில் ஒருவர் அதை ஆய்வுக் கேள்வியாக மாற்றி, பேராசிரியரின் மேற்பார்வையில் ஒரு மாணவரின் ஆய்வேட்டுத் தலைப்பாக்குவார். இந்த மாதிரி பல நாடுகளுக்குப் பரவியது. நிதி வெட்டில் மூடப்பட்ட கடைகளும் உண்டு. நிதி அமைப்புகள் இதைக் கண்டுகொள்வது குறைவு, ஏனென்றால் இதில் அறிவிக்கும்படியான தொகை இல்லை. எனக்குத் தெரிந்து, சிறிய கேள்விக்கு இதைவிட நேரான பாதை கிடையாது. மாணவர் ஓராண்டில் போய்விடுவார் என்பது உண்மைதான். பல சங்கங்களுக்கு ஓராண்டு போதும்.

சங்கமே பெறுநராகும்போது

பொருளாளரின் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லும் திட்டங்களும் இருக்கின்றன. பாரிஸைச் சுற்றியுள்ள இல்-து-பிரான்ஸ் மாகாணம் 2005-இல் தொடங்கிய திட்டத்தில், பொது ஆய்வுக்கூடமும் இலாப நோக்கற்ற சங்கமும் சேர்ந்தே விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. ஒருவர் இல்லாமல் மற்றவருக்கு நுழைவு இருக்கவில்லை. அமெரிக்காவில் 2010-ஆம் ஆண்டின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தால் உருவான, நோயாளிகளை மையமாகக் கொண்ட சிகிச்சைப்பயன் ஆய்வு நிறுவனம், விண்ணப்பங்களை மதிப்பிடும் குழுவிலேயே அறிவியலாளர்களோடு நோயாளிகளையும் உட்கார வைக்கிறது. ஆய்வில் பங்குபெறத் தயாராவதற்கான அதன் ஈடுபாட்டு நல்கைகளை நோயாளி அமைப்புகளே பெறலாம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் ஹொரைசன் ஐரோப்பா திட்டம் (2021–2027) இந்த வகையில் தாராளமானது, கடினமானதும்கூட. கூட்டமைப்பில் சேரும் சங்கம் பல்கலைக்கழகத்துக்குச் சமமான பெறுநராக ஒப்பந்தத்தில் கையெழுத்திடும், தனி ஒதுக்கீடும் உண்டு. ஆய்வு நடவடிக்கைகளில் நேரடிச் செலவு முழுவதும் கிடைக்கும், அதற்கு மேல் 25 சதவீதம் நிர்வாகச் செலவாகவும் கிடைக்கும். இந்த 25 சதவீதம் சிறிய விஷயமல்ல. பல திட்டங்களில் மின்கட்டணத்துக்கும் கணக்காளருக்குமான நிர்வாகச் செலவு பல்கலைக்கழகத்துக்கு மட்டுமே கிடைக்கிறது. சங்கத்தின் விளக்கு தானாகவே எரிகிறது என்று யாரோ நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கடினம் எங்கே என்றால், சாதாரணமாகக் குறைந்தது மூன்று வெவ்வேறு நாடுகளிலிருந்து மூன்று தனித்த அமைப்புகள் சேர வேண்டும். ஒரு தெருவின் குழாய் நீருக்கு இது மிகை. இன்னொன்று: முந்தைய ஹொரைசன் 2020-இல் 'சமூகத்துடன், சமூகத்துக்காக அறிவியல்' என்று தனிப் பிரிவே இருந்தது. ஏறத்தாழ 8,000 கோடி யூரோவில் அதற்கு ஒதுக்கியது 46.2 கோடி, ஒரு சதவீதம்கூட இல்லை. இப்போது அந்தத் தனிப் பிரிவும் இல்லை. நோக்கம் எல்லாப் பிரிவுகளிலும் கலந்துவிட்டது என்கிறார்கள். எல்லோருடைய பொறுப்பாக ஆன வேலை எப்படி நடக்கும் என்று கூட்டுக்குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும்.

பெறுநராவதற்குத் தயங்கும் சங்கங்களுக்கு ஒரு நடுவழி இருக்கிறது: நேரத்துக்கு விலை. இங்கிலாந்தின் தேசிய சுகாதார, பராமரிப்பு ஆய்வு நிறுவனம், ஆய்வில் பங்கெடுக்கும் பொதுமக்களுக்கு எவ்வளவு தரலாம் என்று வழிகாட்டுதல் வைத்திருக்கிறது. ஒரு மணி நேர வேலைக்கு 25 பவுண்டு, அரை நாளுக்கு 75, முழு நாளுக்கு 150 என்பது அதில் உள்ள கணக்கு. பேராசிரியர் சம்பளத்தில் வந்து அமரும் கூட்டத்துக்கு, கடையை மூடிவிட்டு வருகிறவரும் ஊதியத்தோடு வரட்டும். எந்த நாட்டில் விண்ணப்பித்தாலும், நிதி தருகிறவர் தடுக்காத வரை இந்த வரியை வரவுசெலவில் சேர்க்க நான் வற்புறுத்துகிறேன்.

அறிவிப்பில் இல்லாத இரண்டு கேள்விகள்

முன்பணமா, பின்பணமா? இதை விண்ணப்பிக்கும் முன்பே நிதி அலுவலரிடம் கேட்டுவிட வேண்டும். செலவு செய்து, ரசீது காட்டி, பிறகு பெற்றுக்கொள்ளும் முறையில் பல்கலைக்கழகத்துக்கு ஒரு பாதிப்பும் இல்லை. மூன்று மாத வாடகைக்கு மேல் இருப்பு இல்லாத சங்கம், தனக்கு ஒதுக்கிய பணத்தாலேயே மூடப்படும் நிலைக்கு வரலாம். பெரிய தொகை, பின்பணம் என்ற சேர்க்கையைவிட, சிறிய தொகை, முன்பணம் எவ்வளவோ மேல்.

இரண்டாவது, தரவு யாருடையது? அமெரிக்காவில் ஹவசுபாய் பழங்குடி மக்கள் 1990-களில் நீரிழிவு ஆய்வுக்கென்று இரத்தம் கொடுத்தார்கள். அது மனநோய், குடிப்பெயர்ச்சி போன்ற, அவர்கள் சம்மதிக்காத ஆய்வுகளுக்கும் பயன்பட்டது தெரியவந்தது. வழக்கு 2010-இல் 7,00,000 டாலர் இழப்பீட்டோடும், இரத்த மாதிரிகளைத் திருப்பித் தருவதோடும் முடிந்தது. கனடாவின் முதற்குடிகள் தங்கள் தரவு பற்றி 1998-லேயே உரிமை, கட்டுப்பாடு, அணுக்கம், கைவசம் என்ற நான்கு கொள்கைகளை வகுத்துக்கொண்டார்கள். தென்னாப்பிரிக்காவின் சான் பழங்குடி மக்கள் 2017-இல் தங்களிடம் வரும் ஆய்வாளர்களுக்கு நெறிமுறை ஒன்றை வெளியிட்டார்கள். இங்கே நிதி அமைப்புகள் பணம் தராமலேயே பெரிய உதவி செய்ய முடியும். கனடாவின் மூன்று கூட்டாட்சி ஆய்வு மன்றங்கள் 2010-இல் தங்கள் பொது நெறிமுறையில் முதற்குடிகள், இன்யூட், மெட்டி ஆகிய பழங்குடி மக்களோடான ஆய்வுக்குத் தனி அத்தியாயம் சேர்த்தன. நிதி பெறும் நிறுவனங்கள் அந்த நெறிமுறைக்குக் கட்டுப்பட்டவை. சமூகத்தின் சம்மதத்தைக் கேட்கும் வேலை அப்போது ஒரு தனி ஆய்வாளரின் பெருந்தன்மையை நம்பி இருப்பதில்லை.

குடிநீர் மாதிரியில் இது எப்படி வரும்? சோதனை முடிவில் ஈயம் அதிகம் என்று தெரிகிறது. ஆய்வாளர் கட்டுரை வெளியாகும்வரை காத்திருக்கச் சொல்வார், சங்கம் அன்று மாலையே நோட்டீஸ் ஒட்ட நினைக்கும். இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அதற்கான ஒப்பந்தத்தைத் தொடக்கத்திலேயே கேட்கும் திட்டம் உங்களுக்கு நல்லது செய்கிறது, படிவம் எத்தனை பக்கம் நீண்டாலும்.

என் தேர்வு

ஒருவரையொருவர் அதிகம் தெரியாத ஜோடிக்கு, கனடாவின் கீழ்ப்படி போன்ற ஓராண்டுச் சிறுநல்கையை நான் முதலில் வைப்பேன். இணைநிதிச் சுமை இல்லை, ஒரே கூட்டாளி, கசந்தால் ஓராண்டில் பிரிந்துவிடலாம். மூன்று நான்கு ஆண்டுகள் சேர்ந்து வேலை செய்து, ஒரு சண்டையையாவது கடந்து வந்தவர்களுக்கு இரண்டு கட்ட நுழைவுள்ள பெரிய நல்கை. சொந்தமாகக் கணக்காளர் வைத்திருக்கும் சங்கமானால், தானே பெறுநராகும் திட்டத்தைத் தேடட்டும். ஆய்வாளரின் கேள்வி ஏற்கெனவே முடிவாகிவிட்டதென்றால், அதை மறைக்காமல் வழக்கமான நல்கைக்குப் போய், சங்கத்தின் நேரத்துக்கு ஊதியம் எழுதிவிடலாம். அங்கீகாரத்துக்காகப் பெரிய நல்கையில் தொடங்குவது மட்டும் வேண்டாம். ஏழு ஆண்டு ஒப்பந்தத்தைப் பெண் பார்க்கும் நாளிலேயே எழுதக் கூடாது.

அந்தப் பொருளாளரை ஓராண்டு கழித்து மறுபடி பார்த்தேன். முதல் விண்ணப்பம் தேறவில்லை. புதிய அறிவிப்பு ஒன்று வந்திருந்தது. இம்முறை ஐந்து வாரம் முன்பே போனோம், வரவுசெலவில் சங்கத்துக்கு மூன்று வரிகள் இருந்தன. அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: பணம் கைக்கு வர எத்தனை மாதம்? தேறினால் பதினொரு மாதம் என்றேன். மழைக்காலம் அதற்குள் இரண்டு முறை வந்துவிடும் என்று சொல்லிச் சிரித்தார். கடைசித் தேதியை நாங்கள் விட்டுவிட்டோம். இப்போது வேதியியல் துறை மாணவர்கள் இருவர், ஆய்வேட்டுக்காக ஞாயிறுதோறும் பதினான்கு குழாய்களில் நீர் பிடிக்கிறார்கள். அளவுகள் எழுதிய குறிப்பேட்டின் மூலப்படி பொருளாளரின் வீட்டு அலமாரியில் இருக்கிறது, பல்கலைக்கழகத்திடம் இருப்பது நகல்.